கட்டளைக்கும் காதலுக்கும் நடுவே

பதின்பருவத்தினருக்கான மாயாஜாலக் காதல் நாவல் என்றாலே பெரியவர்கள் பலருக்கு அலட்சியம். அட்டையில் ஒரு கிரீடம், உள்ளே அழகான இளவரசன், எல்லாம் வயசுக்கோளாறு என்று தள்ளிவிடுகிறார்கள். ஹோலி பிளாக்கின் ‘தி விகிட் கிங்’ நாவலைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்த அந்த இரண்டாம் பாகத்தை இளம் வாசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்த உற்சாகத்துக்குள் கூர்மையான வாசிப்பு ஒன்று இருக்கிறது; அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

முதல் பாகமான ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ அதற்கு ஓராண்டு முன்பு வந்தது. நாயகி ஜூட் மனிதப் பெண். அவளுடைய ஏழாவது வயதில், கண்ணெதிரிலேயே தாய் தந்தையைக் கொன்ற படைத்தலைவன் மடோக், அவளையும் சகோதரிகளையும் தூக்கிச் சென்று ஃபேரிகளின் நாடான எல்ஃப்ஹேமில் தன் பிள்ளைகளாக வளர்க்கிறான். அங்கே மனிதர்கள் என்றால் இளக்காரம். இளவரசன் கார்டன் அவளைப் படுத்தாத பாடில்லை. கடைசியில் ஜூட் சூழ்ச்சி செய்து அவனையே அரியணையில் ஏற்றுகிறாள். ஓராண்டும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருக்கிறாள். குட்டித் தம்பி ஓக் வளர்ந்து பட்டத்துக்கு வரும்வரை அந்த இடம் பறிபோகக் கூடாது என்பது அவள் கணக்கு.

இரண்டாம் பாகம் தொடங்கும்போது ஐந்து மாதம் ஓடிவிட்டது. பெயருக்கு அவன் ராஜா, ஆள்பவள் அவள். இங்கேதான் ஹோலி பிளாக் துணிச்சலான கேள்வியைக் கையில் எடுக்கிறார். ‘செய்’ என்றால் செய்தே தீர வேண்டிய ஒருவன் அன்பு காட்டினால் அதை எப்படி நம்புவது? முதல் பாகத்தில் அதிகாரம் அவன் கையில் இருந்தபோது அவள் பட்ட அவமானங்களை வாசகர் மறக்கவில்லை. துன்புறுத்தியவனையே காதலனாக்கலாமா என்று இந்த வரிசையை விமர்சிப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நாவல் அதைப் பூசி மெழுகவில்லை. அதிகாரத்தை அவள் கைக்கு மாற்றி, அது அவளை என்ன செய்கிறது என்று காட்டுகிறது. ஜூட்டுக்குத் தூக்கம் போய்விடுகிறது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பிடியைத் தளர்த்தினால் ஆட்சி போய்விடும், இறுக்கினால் அவன் மனம் தெரியாமலே போய்விடும். பதினேழு வயதுப் பெண்ணை இப்படி ஓர் இக்கட்டில் நிறுத்தும் கதையைக் கிளுகிளுப்பு என்று ஒதுக்குவது அநியாயம்.

கதை முழுவதையும் ஜூட்டே சொல்கிறாள். கார்டனை நாம் பார்ப்பது அவளுடைய அவநம்பிக்கையின் வழியாகத்தான். முதல் பாகத்திலேயே அவனுடைய தாள் ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது. அதில் அவள் பெயரையே திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறான். வெறுப்பின் அடையாளம் என்றே அவள் எடுத்துக்கொள்கிறாள். இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்பும் வாசகர் வேறொன்றைப் படிப்பார். கதைசொல்லி சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது என்று இலக்கிய வகுப்பில் நாம் மெனக்கெட்டுச் சொல்லித் தருகிறோமே, அதை இந்தப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சோதனையை ஆசிரியர் முடிவில் வைத்தார். ரகசியத் திருமணம் நடக்கிறது; அதற்கு ஈடாக ஜூட் அவனைச் சத்தியத்திலிருந்து விடுவிக்கிறாள். விடுபட்ட கையோடு அவன் அவளை மனித உலகுக்கு நாடுகடத்துகிறான், மகுடம் மன்னிக்கும்வரை திரும்பக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது, ஆனால் வார்த்தைகளை வளைத்து ஏமாற்ற முடியும் என்பதை முதல் பாகமே பழக்கியிருந்தது. அப்படியானால் மகுடம் என்பது யார்? அவனை மணந்த ஜூட்டும் ராணிதானே, தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள அவளால் முடியாதா? மூன்றாம் பாகம் 2019 நவம்பரில் வரும்வரை, அந்தப் பத்து மாதமும் வாசகர்கள் இந்த நிபந்தனையை வக்கீல்களைப் போல அலசினார்கள். துரோகத்தால் நிலைகுலைந்த ஜூட்டுக்குத் தோன்றாதது, அமைதியாக உட்கார்ந்து மறுபடி படித்தவர்களுக்குத் தோன்றியது.

‘தி குயீன் ஆஃப் நத்திங்’ என்ற அந்த மூன்றாம் பாகம் எனக்கு அவசரமாகப் பட்டது. சாபமும் போரும் அடுத்தடுத்து வந்து, இரண்டாம் பாகம் நின்று நிதானித்துப் பின்னிய மனச்சிக்கலுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. ஆனால் புதிர் விஷயத்தில் அது நேர்மையாக நடந்துகொண்டது. மகுடம் நீயும்தான், நினைத்த நாளில் நீ திரும்பியிருக்கலாம் என்பதை ஜூட் கார்டனிடமிருந்தே தெரிந்துகொள்கிறாள்.