லேபிளை மூடுங்கள், அப்புறம் பேசலாம்

ஆறு நண்பர்கள், ஆறு பாட்டில் பினோ நுவார், ஒரு சாப்பாட்டு மேஜை. கலிஃபோர்னியா, ஒரேகான் பக்கம் ஒயின் பிடித்தவர்கள் இப்படிக் கூடுவது சர்வசாதாரணம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு ஊற்றி, முகர்ந்து பார்த்து, குடித்துப் பார்த்து, எது உசத்தி என்று பேசுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டில்கள் லேபிளைக் காட்டிக்கொண்டு நிற்கும்வரை அங்கே நடப்பது ஒயின் ஒப்பீடு இல்லை, லேபிள் ஒப்பீடு!

என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பிரான்சின் பர்கண்டியிலிருந்து வந்த 150 டாலர் பாட்டிலை எடுத்து வைக்கிறார். அதற்கு மேஜை நடுவில் இடம். இன்னொருவர், படிக்கிற பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சூப்பர் மார்க்கெட்டில் 15 டாலருக்கு வாங்கியதைத் தயங்கித் தயங்கி ஓரமாக வைக்கிறார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பர்கண்டியைக் குடிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். 15 டாலர் ஒயினுக்கு "பரவாயில்லையே, இந்த விலைக்கு" என்று ஒரு வார்த்தை. அந்தப் பையனுக்கு உண்மையிலேயே தன் பாட்டில்தான் பிடித்திருந்தாலும் வாய் திறக்க மாட்டான். அடுத்த மாதம் கடன் வாங்கியாவது 60 டாலர் பாட்டிலோடு வருவான். இல்லையென்றால் வராமலே இருந்துவிடுவான்.

இது எல்லா ஒயினுக்கும் பொருந்தும் என்றாலும் பினோ நுவாருக்கு ரொம்பவே பொருந்தும். இந்தத் திராட்சைக்குத் தோல் மெலிசு. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் அதிகம் வருகின்றன. அதனால் நல்ல பினோ நுவார்கூட கோப்பையில் வெளிறிப்போய், அடியில் இருக்கும் விரல் தெரிகிற மாதிரி இருக்கும். (ஆங்கிலத்தில் துவர்ப்புக்குச் சட்டென்று ஒரு வீட்டுச் சொல் கிடையாது, 'டானின்' என்று வேதியியலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்த நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை!) செர்ரி, காளான், மழை நனைத்த மண் என்று இதன் வாசனைகள் எல்லாம் அடக்கமானவை. சத்தம் போடாத ஒயின். சத்தம் போடாத ஒயினுக்காக லேபிள் சத்தம் போட்டுவிடுகிறது.

நிறம் மட்டுமே நாக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு போர்டோவில் நடந்த ஒரு சோதனை பிரபலம். 2001-ல் வெளியான ஆய்வு அது. ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சுவையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை விவரிக்க எடுத்துக்கொண்டது சிவப்பு ஒயினுக்கான சொற்களை. விளையாட்டுக்குக் குடித்தவர்கள் இல்லை, அதையே பாடமாகப் படிப்பவர்கள்!

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று, சோதனை என்று யாருக்கும் தெரியாமலே நடந்தது. 2004-ல் 'சைட்வேஸ்' என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அதன் நாயகன் பினோ நுவாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான், மெர்லோ என்றால் எரிந்து விழுவான். அமெரிக்காவில் பினோ நுவாருக்கு மவுசு கூடியது. பிரான்சின் லாங்கடாக் பகுதியிலிருந்து வாங்கிய பினோ நுவாரை காலோ நிறுவனம் 'ரெட் பைசைக்கிளெட்' என்ற பெயரில் விற்றது. பிரெஞ்சு அதிகாரிகள் கணக்கைப் பார்த்தபோதுதான் இடித்தது. அந்த வட்டாரத்தில் விளைகிற பினோ நுவாரைவிட அதிகமாக அங்கிருந்து விற்பனை ஆகியிருந்தது! உள்ளே இருந்தது மலிவான மெர்லோவும் சிராவும். 1 கோடியே 80 லட்சம் பாட்டில்களுக்கான சரக்கு என்று கணக்கிட்டார்கள். 2010 பிப்ரவரியில் கார்கசோன் நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. தாங்கள் வாங்கியது போலி என்று காலோவுக்குத் தெரிந்திருந்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. பிரெஞ்சுத் தரப்பு வக்கீல் ஒருவர் சொன்ன வாதம்தான் வேடிக்கை: ஓர் அமெரிக்க வாடிக்கையாளர்கூடப் புகார் செய்யவில்லையே!

வக்கீல் சொன்னதில் நியாயம் இல்லை, உண்மை இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு மெர்லோவைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அதே மெர்லோவை பினோ நுவார் என்று நினைத்து ரசித்தார்களோ! (சட்டப்படியே கொஞ்சம் கலக்கலாம் என்பது தனிக்கதை. அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி 75 சதவீதம் இருந்தால் திராட்சையின் பெயரை லேபிளில் போடலாம். ஒரேகான் மட்டும் பினோ நுவாருக்கு 90 சதவீதம் கேட்கிறது.)

சரி, லேபிளை மூடினால் என்ன லாபம்? அதற்கும் ஒரேகானிலேயே பதில் இருக்கிறது. டேவிட் லெட் என்பவர் 1965-ல் அங்கே பினோ நுவார் நாற்றுகளைக் கொண்டுபோனார். மழையும் குளிருமான இடம், இங்கே போய் யாராவது ஒயின் திராட்சை போடுவார்களா என்றார்கள். அவருடைய ஐரி தோட்டத்து 1975-ஆம் வருட ஒயின், 1979-ல் பாரிசில் கோ-மியோ பத்திரிகை நடத்திய போட்டியில் பினோ நுவார்களுக்குள் முதல் பத்தில் வந்துவிட்டது. பர்கண்டியின் பெரிய ஒயின் வியாபாரி ரொபேர் த்ரூவானுக்கு இது உறுத்தியது. 1980-ல் பர்கண்டியின் போன் நகரத்தில், தன் கிடங்கின் நல்ல நல்ல ஒயின்களை இறக்கி, மறுபடி கண்மூடிப் போட்டி வைத்தார். அவருடைய 1959 ஷாம்போல்-முசினி முதலிடம். மயிரிழையில் பின்தங்கி இரண்டாமிடம், அதே ஐரி! த்ரூவான் குடும்பம் 1987-ல் ஒரேகானிலேயே நிலம் வாங்கியது. லேபிளைக் காட்டி ஊற்றியிருந்தால் லெட்டின் பாட்டிலுக்கு அன்று கிடைத்திருக்கக்கூடியது "பரவாயில்லையே, அமெரிக்காக்காரனுக்கு" என்பதுதான். ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பாட்டிலை ஓரமாக வைக்கும் அந்தப் பையனுக்குக் கிடைக்கிற அதே வார்த்தை.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நண்பர்கள் விருந்து என்ன பரீட்சையா என்று கேட்கிறார்கள். 10 வருடம் பத்திரப்படுத்திய பாட்டிலைக் கொண்டுவந்தவருக்கு அதன் கதையைச் சொல்ல ஆசை இருக்காதா? இருக்கும். சாப்பாடு முடிந்து துணியை எடுத்த பிறகு சொல்லட்டும், அப்போது கேட்க இன்னும் நன்றாக இருக்கும். இன்னொரு ஆட்சேபம் கனமானது. இரண்டு மடக்கில் மதிப்பெண் போட்டால் முரட்டு ஒயின்தான் ஜெயிக்கும், நிதானமான ஒயின் தோற்கும் என்பது. பினோ நுவார் விஷயத்தில் இது முழுக்க நிஜம். அதனால்தான் மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் வாத்து வறுவலோ காளானோ சால்மன் மீனோ வந்த பிறகும் அதே பாட்டில்களை மூடியபடியே மேஜையில் விட்டுவைக்க வேண்டும். யாரும் சொல்லாமலே எந்தப் பாட்டில் முதலில் காலியாகிறது என்று பாருங்கள். முதல் சுற்றில் ஜெயித்தது பாதியோடு நிற்கும்.

செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. பாட்டில்களை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, கழுத்துவரை அலுமினியத் தாளைச் சுற்றி, எண் ஒட்டினால் போதும். மூடிகளையும் ஒளித்துவிடுங்கள், திருகு மூடியைப் பார்த்தே விலையைக் கண்டுபிடித்துவிடும் ஆட்கள் உண்டு. ஒருவர் சுற்றட்டும், இன்னொருவர் வெளியே தெரியாமல் வரிசையை மாற்றட்டும். 750 மில்லி பாட்டிலில் ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் ஆறு பேருக்கு 300 மில்லி, மீதி சாப்பாட்டுக்கு. துப்புவதற்கு ஒரு குவளை அவசியம் வேண்டும், ஆறு ஒயின் இருக்கிறது, வீட்டுக்கு வண்டி ஓட்ட வேண்டியவர்களும் இருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதி முடிக்கும்வரை ஒருவரும் பேசக்கூடாது. கூட்டத்தில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் "செர்ரி" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து மூக்கிலும் செர்ரி வந்துவிடும். அலுமினியத் தாள் லேபிளை மறைக்கும், அவர் வாயை மறைக்காது.

கில்லாடிகளுக்கு இன்னொரு வேலை உண்டு. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் நடுவர்களுக்கே ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, அது ஒரே ஒயின் என்று சொல்லாமல் ஊற்றிப் பார்த்தார். ஓரளவு ஒரே மாதிரி மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். 2008-ல் இது கட்டுரையாக வந்தது. ஆறு பாட்டில்களில் ஒன்றை இரண்டு எண்களில் ஊற்றி வைத்தால் நண்பர்கள் மேஜையிலும் இதைச் செய்யலாம். எது என்பது ஊற்றியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு அவர் சிரிக்காமல் இருக்க வேண்டும்.