கணக்கைச் சேரியில் படி!

வெளிப்படையான நிர்வாகம் என்கிறார்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் வரவு செலவை எழுதி வைத்துவிட்டால் போதுமாம். அந்தச் சுவர் எங்கே நிற்கிறது? ஊருக்குள்ளே. சேரி சனம் நின்று நிதானமாகப் படித்து, "இந்த ரோடு எங்கேய்யா?" என்று கேட்கிற இடத்திலா நிற்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர், அரியலூரில் 23 பேர். 1994 ஊராட்சிச் சட்டம் நமக்குத் தலைவர் நாற்காலியை ஒதுக்கியது. பேனாவை ஒதுக்கியதா? தலைவர் போடுகிற செக்கில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிற அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. பேங்க் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன்: ரெண்டு கையெழுத்துக் கேட்கிற செக்கில் ஒன்று குறைந்தால் அஞ்சு பைசா நகராது.

மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். எல்லா ஊரிலும் அரிவாள் தேவைப்படவில்லை. மூடி திறக்காத பேனா போதும். மோட்டார் ரிப்பேருக்குப் பணம் எடுக்க முடியாது, குழாயில் தண்ணி வராது, கடைசியில் "இவங்களுக்கு நிர்வாகம் தெரியலை" என்று பேச்சு வரும்.

ரெண்டு கையெழுத்து இருந்தால்தான் ஊழல் நடக்காது என்பார்கள். ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தால்? திருட்டைப் பிடிப்பது ஊர்க் கண். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் கூலிப் பட்டியலைச் சனங்களுக்கு நடுவே உரக்கப் படித்தது. வேலை செய்யாதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. அந்தக் குரல்தான் வளர்ந்து வளர்ந்து 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வரக் காரணமானது.

நம்ம பக்கம் தலைவரே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, மூணு வருசம் தேர்தல் இல்லை. அப்புறம் வந்தவர்களின் காலம் இந்த இரு மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அப்போதும் தேர்தல் வைக்காமல் தனி அலுவலர்களைத்தான் உட்கார வைத்தார்கள். ஓட்டுக் கேட்டு வராதவர் சேரிக்கு எதற்குப் பதில் சொல்லப் போகிறார்?

தோழர்களே, துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு கேட்போம். கையெழுத்து மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தரட்டும் என்போம். கிராமசபையைச் சேரியில் கூட்டச் சொல்லுவோம். படித்த பிள்ளைகள் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த தாளைப் பெட்டியில் வைக்காதீர்கள். தெருவில் நின்று, வரி வரியாக, கிழவிக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள்.