உள்ளங்காலில் ஓர் உபத்திரவம்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்து கற்கும் நம் மாணவன் ஒருவன், சென்ற மாதம் வகுப்பினுள் நொண்டிக்கொண்டே நுழைந்தான். முள் தைத்ததோ என வினவினோம். அம்மாவுக்கு வந்த ஆணி தனக்கும் வந்துவிட்டது என்றான்.

அன்னையார் கொழுந்து பறிப்பவர். சரிவான மலையிலே காலை ஊன்ற முடியாமல், நிறை குறைந்து, பல நாள் அரைப் பேரே விழுந்ததாம். பொறுக்கமாட்டாமல் சவர அலகினால் செதுக்கியிருக்கிறார். குருதி கொட்டியது; ஒன்றிருந்த இடத்தில் பின்னர் மூன்று முளைத்தன.

ஆணி வேறு, மரு வேறு. செருப்பின் உராய்வால் தோல் தடித்து உண்டாவது ஆணி. நேரே அழுத்தினால் வலிக்கும். மருவோ இருபுறமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கும். பாதத்தின் ரேகைகள் அதன்மீது ஓடாமல் விலகிச் செல்லும். மேற்றோலைச் சுரண்டினால் தோன்றும் கரும்புள்ளிகளை வேர் என்பர். அவை குருதி உறைந்த நுண்குழாய்களே. மரு தொற்றுவது என்பதை 1907 இல் சியுஃபோ என்னும் இத்தாலிய மருத்துவர், மருவின் சாற்றை வடிகட்டித் தம் உடலிலேயே ஏற்றிக் காட்டினார். அதற்குக் காரணம் ஒரு வைரஸ். ஈரத்தில் ஊறிய பாதத்தில் இலகுவில் பற்றும். லயத்தார் அனைவரும் வெறுங்காலுடன் நிற்கும் பீலிக்கரையை எண்ணிப் பாருங்கள்!

எருக்கம்பாலும் சுண்ணாம்பும் நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலிசிலிக் அமிலமே முதலில் நாடத்தக்கது. இரவில் வெதுவெதுப்பான நீரில் காலை 5 நிமிடம் ஊறவைத்து, வெளுத்த தோலை மட்டும் அரத்தாளால் தேய்த்து நீக்கி, மருவின்மேல் மட்டும் மருந்தைத் தடவிப் பிளாஸ்டர் ஒட்டுக. அரத்தாளை எறிந்துவிடுக. இப்படி 12 வாரம் வரை செய்தல் வேண்டும். பத்தாம் நாளே கைவிடுவோர்தாம் பலர்.

பெரிய ஆஸ்பத்திரியில் குளிரூட்டி எரித்தால் உடனே போகும் என்பாருமுளர். திரவ நைதரசனையும் 50 சதவீத சலிசிலிக் அமிலத்தையும் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 240 பேரிடம் ஒப்பிட்டு, 2011 இல் முடிவை வெளியிட்டனர். 12 வாரத்தில் இரு திறத்தாரிலும் முற்றாகக் குணமானோர் நூற்றுக்கு 14 பேரே. எனவே ஒரு நாட்சம்பளத்தை இழந்து முதலிலேயே பட்டணம் ஓடுவது வீண் என்பது நம் எண்ணம். நீரிழிவுள்ளோரும், காலில் உணர்வு குன்றியோரும் தாமாக எம்மருந்தும் பூசாது மருத்துவரிடமே செல்லல் வேண்டும்.

சிறுவருக்கு ஓரிரு ஆண்டில் மரு தானே மறைவதும் உண்டு. அன்னையாருக்கோ அத்தனை நாள் பொறுக்க வழியில்லை. மருந்துப் புட்டி ஒன்றை வாங்கி மாணவனிடம் கொடுத்தோம்.

"அம்மா பூசின பிறகு மிச்சத்தை நான் பூசிக்கொள்கிறேன், சேர்" என்றான்.

ஒரே தூரிகையை இருவர் தொடலாகாது என்று அப்போதுதான் நமக்கு உறைத்தது. மறுபடியும் கடைக்குச் சென்றோம்.