நீயே பார்த்து ஒரு விலை போடு தம்பி

பொழுதுபோக்குகளின் அரசன் என்றும் அரசர்களின் பொழுதுபோக்கு என்றும் தபால் தலை சேகரிப்பைச் சொல்வது வழக்கம். இரண்டாவது கூற்றுக்குச் சான்று இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். அவர் இளவரசராக இருந்த 1904-ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவின் இரண்டு பென்னி நீலத் தலை ஒன்றை ஏலத்தில் 1,450 பவுண்டுக்கு எடுத்தார். அந்த நாளில் அது கேட்டவர் வாய் பிளக்கும் தொகை. ஆயினும் அது நியாய விலைதானா என்று எவரும் ஐயுறத் தேவை இருக்கவில்லை. விற்றவருக்கும் பொருள் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், போட்டியிட்டவர்களுக்கும் தெரியும். நம்மைப் போன்ற மாணவர்கள் தொகுப்பு வாங்குவதோ ஏலக்கூடத்தில் அன்று, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர்ப் பக்கம் ஒரு தொகுப்பு விலைக்கு வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். சேர்த்தவர் மறைந்திருப்பார், அல்லது கண் மங்கியிருப்பார். பிள்ளைகள் வேலை நிமித்தம் வெளியூர் போயிருப்பார்கள். பீரோவின் அடித்தட்டில் பழைய வேட்டிகளுக்குக் கீழே கிடந்த ஆல்பம் வீடு மாற்றும்போது வெளியே வரும். "அந்தக் காலேஜ் பையன் ஸ்டாம்பு சேர்க்கிறானாமே, அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று எவராவது சொல்வார்கள். நாமும் போவோம். காப்பி வரும். பிறகு அந்த வார்த்தை வரும்: "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீயே பார்த்து ஒரு விலை போடு தம்பி."

இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். அது சொல்லப்படும் வரை அவர் விற்பவர், நாம் வாங்குபவர். சொன்ன கணத்திலேயே நாம் மதிப்பீட்டாளரும் ஆகிவிடுகிறோம். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக அமர்வதை எந்த நீதிமன்றமும் ஒப்பாது. ஆனால் இரண்டு ஆல்பம் வைத்திருக்கும் மாணவன் கூசாமல் அமர்ந்துவிடுகிறான்!

ஒரு தொகுப்பின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழமை ஒன்றே மதிப்பு ஆகிவிடாது. உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக் 1840-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் தலைகள் அச்சாயின. ஆகவே இன்றும் அது பணம் கொடுத்தால் கிடைக்கிற பொருள்தான். எண்ணிக்கையும் மதிப்பு ஆகாது. 1960, 70-களில் சேர்த்த ஆல்பங்களைத் திறந்தால் பாதிப் பக்கங்களை அடைத்துக்கொண்டிருப்பவை அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன், மனாமா என்ற பெயர் தாங்கிய பெரிய வண்ணத் தலைகள். 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவாவதற்கு முன், அந்தச் சின்னஞ்சிறு ஆட்சிப் பகுதிகளின் பெயரால் சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்துக் குவிக்கப்பட்டவை அவை. குதிரையும் ரோஜாவும் விண்கலமும் கண்ணைப் பறிக்கும். சந்தையில் கேட்பார் இல்லை. ஹங்கேரி, போலந்து நாட்டுத் தலைகள் பலவற்றில் ஒரு மூலையில் முத்திரை அழகாகக் கால்வட்டமாக விழுந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டப்படாமலேயே முத்திரையிட்டு விற்கப்பட்டவை அவை. நம் நாட்டு நினைவுத் தலைகளும் பெரும்பாலும் லட்சக்கணக்கில் அச்சானவையே.

மதிப்பெல்லாம் பத்துப் பதினைந்து தலைகளுக்குள் ஒளிந்திருக்கும். அவற்றையும் பொருளின் நிலைதான் தீர்மானிக்கிறது. ஓரத்துப் பல் ஒன்று போயிருக்கலாம். பின்புறம் ஹிஞ்ச் ஒட்டிய தடம் இருக்கலாம். ஈரக்காற்றில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கலாம். (செலோடேப் போட்டு ஒட்டி வைத்த புண்ணியவான்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) திருவிதாங்கூர் அஞ்சலின் சங்குத் தலை ஒட்டிய பழைய உறை முழுதாக இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு. தலையை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டால் அந்த மதிப்பில் பெரும்பகுதி குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

அடுத்து, கேட்லாக் விலை. பலருக்கு இதுதான் வேதவாக்கு. ஆனால் ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற கேட்லாக்கில் காண்பது நல்ல நிலையில் உள்ள ஒற்றைத் தலையைக் கடைக்காரர் விற்கும் விலை. அவர் வாங்கும் விலை அன்று. மிகச் சாதாரணத் தலைக்குப் போட்டிருக்கும் அடிமட்ட விலையிலோ அதை எடுத்து, பிரித்து, உறையிலிட்டுத் தரும் கூலியே பெரும்பங்கு. அடிமட்ட விலை பத்து ரூபாய் என்றும் ஆல்பத்தில் 2,000 சாதாரணத் தலைகள் என்றும் வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 20,000 ரூபாய். அந்தக் கட்டுக்கு 2,000 ரூபாய் கொடுக்க ஆள் கிடைத்தால் விற்பவர் அதிர்ஷ்டசாலி! கேட்லாக் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ கேட்கும் வியாபாரியைத் திருடன் என்பாரும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கடை வாடகை கொடுக்கிறார். வாங்கிய தலை விலைபோக ஐந்தாண்டு காத்திருக்கிறார். விலைபோகாதவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். மொத்தமாக விற்கிறவர் அந்த உழைப்பையும் காத்திருப்பையும் வாங்குகிறவர் தலையில் ஏற்றிவிடுகிறார் அல்லவா? அதற்கு ஈடு வேண்டாமா?

சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அம்மையார் என்னை அழைத்தார். அவருடைய கணவர் அரசு அலுவலகமொன்றில் தலைமை எழுத்தராக இருந்து மறைந்தவர். மூன்று ஆல்பங்கள். பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒருவர் வந்து மூன்றுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுபுறம், காந்தி தலை கோடிக்கணக்கில் விலை போனதாக ஓர் உறவினர் கூறியிருந்தார். அவர் கூறியது பொய்யன்று; ஆனால் அது வேறு தலை. 1948 ஆகஸ்ட் 15-இல் சுவிட்சர்லாந்தில் அச்சாகி வெளிவந்த காந்தி தலைகளில் பத்து ரூபாய்த் தலை நூற்றின் மீது மட்டும், கவர்னர் ஜெனரலின் அலுவலுக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சு இட்டார்கள். அவற்றில் நான்கு சேர்ந்த துண்டு ஒன்று 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. அம்மையாரிடம் இருந்தது மேலச்சு இல்லாத பத்து ரூபாய்த் தலை. அது அசலாக இருந்தால் பல்லாயிரம் பெறும். போலிகளும் நிறைய உலவுகின்றன.

ஆக, 1,500 என்பதும் பொய்க்கணக்கு, கோடி என்பதும் கனவு. நான் ஒரு தாளில் மதிப்புள்ள பதினொரு தலைகளையும் எழுதி, பத்து ரூபாய்த் தலையைச் சுட்டிக்காட்டி, "அம்மா, இதை மட்டும் சென்னையில் இரண்டு வியாபாரிகளிடம் காட்டி விலை கேட்டுவிட்டு வாருங்கள், அதன்பின் நான் என் விலையைச் சொல்கிறேன்" என்றேன். கேட்டு வந்தார். நானும் ஒரு விலை சொன்னேன். வியாபாரி ஒருவர் என்னைவிட 500 ரூபாய் அதிகம் தருவதாகச் சொல்லியிருந்ததால் அவருக்கே விற்றுவிட்டார். மற்ற ஆல்பங்களைப் பேத்தி விடவில்லை. நான் வெறுங்கையோடு வந்தேன்.

விடுதி நண்பர்கள் என்னை வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டியவன் என்றார்கள். "அவராகவே இசைந்து விற்றால் அதில் என்ன தவறு? சட்டமே கேட்கவில்லையே!" என்றார் ஒருவர். சட்டத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின் விளக்கத்தில், மனமுவந்து செய்த ஒப்பந்தம் விலை போதாது என்ற காரணத்தால் மட்டும் செல்லாததாகிவிடாது என்கிறது. 17-ஆம் பிரிவின் விளக்கமோ, பேசக் கடமை உள்ள இடம் தவிர, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. நண்பர் விட்டுவிட்ட மறுபாதியும் அங்கேயே இருக்கிறது. விலை மிகக் குறைவாக இருப்பதை, இசைவு உண்மையிலேயே மனமுவந்ததுதானா என்று அறிய நீதிமன்றம் கணக்கில் கொள்ளலாம். பேசக் கடமை உள்ள இடம் எது? "நீயே விலை போடு" என்று நம்பி ஒப்படைத்த இடத்தைவிட வேறு எது இருக்க முடியும்? வழக்கறிஞர்கள் இதை எப்படி வாதாடுவார்களோ, என் மனம் வாதாடுவது இப்படித்தான்.

இந்தக் கேள்வி புதிதும் அன்று. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதை ஒரு தானிய வணிகனை வைத்துக் கேட்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். வணிகன் அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்பதா, மறைத்து அதிக விலைக்கு விற்பதா? டயோஜனிஸ் என்ற அறிஞர் மறைக்கலாம் என்கிறார். ஆன்டிபேட்டர் சொல்ல வேண்டும் என்கிறார். சிசரோ தீர்ப்பளிப்பது ஆன்டிபேட்டர் பக்கம்.

நான் சிசரோ அளவுக்குப் போகத் தயாரில்லை. வியாபாரியின் கடையில் பத்து ரூபாய்ப் பெட்டியைக் கிளறும்போது அரிய தலை ஒன்று என் கண்ணில் பட்டால், பத்து ரூபாயை நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன். அறிந்திருப்பது அவர் தொழில். என்னைவிட நன்றாக அறிந்திருக்கவே அவர் கடை வைத்திருக்கிறார். என் பேராசிரியர் ஒருவர் இதை ஒப்பவில்லை. அறம் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டாக இருக்க முடியாது என்றார். இரண்டு அறம் இல்லைதான். ஆனால் இருவர் வைக்கும் நம்பிக்கை வேறு வேறாக இருக்கிறதே!

இருவருக்குமே தெரியாவிட்டால்? 1873-இல் பிரிட்டிஷ் கயானாவில் ஒரு பள்ளிச் சிறுவன், வீட்டுப் பழைய கடிதங்களுக்கிடையே கிடைத்த 1856-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் சிவப்புத் தலையை உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். மூலைகள் வெட்டப்பட்ட அழுக்குத் தலை அது. அதே தலை 2014-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்குப் போயிற்று. சிறுவன் ஏமாற்றப்பட்டான் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகில் அது ஒன்றே ஒன்றுதான் என்பது அன்று வாங்கியவருக்கும் தெரியாது. அன்றைய அறிவுக்கு அது அன்றைய விலை. பின்னாளில் ஏறிய விலையைக் கொண்டு முன்னாள் பேரத்தைக் குற்றம் சொன்னால் நிலம் விற்ற ஒவ்வொருவரும் வழக்குத் தொடுக்கலாம்.

இரக்கப்பட்டுக் கூடுதலாகக் கொடுப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுக்க மனமிருந்தால் கொடுக்கட்டும். ஆனால் இது விலை, இது என் அன்பளிப்பு என்று பிரித்துக் கொடுக்கட்டும். இரண்டையும் கலந்துவிட்டால், அடுத்த ஆல்பத்தை விற்கும்போது நேர்மையான விலை சொல்பவர் அவர் கண்ணுக்குக் கயவராகத் தெரிவார். இறந்தவர் நாற்பதாண்டு சேர்த்ததற்கு இவ்வளவுதானா என்று கண் கலங்குகிறவரிடம், ஆம், சந்தையில் இவ்வளவுதான் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதற்காகச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

நம் கல்லூரியில் தபால் தலை சேர்ப்போர் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறோம். நூலகத்தில் உள்ள கேட்லாக்கோ நம்மில் பலர் பிறப்பதற்கு முன் வந்தது. புதிய பதிப்பு ஒன்று வாங்கித் தந்தால் நலம். விலை சொல்ல எவருக்கேனும் அழைப்பு வந்தால் தனியே போகாமல், வாங்கும் எண்ணமில்லாத இன்னொருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். தலைகளின் பட்டியலை இரண்டு படிகள் எழுதி, ஒன்றை விற்பவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.