ஆச்சி, ஒரு கையெழுத்து ப்ளீஸ்!

போன வாரம் நான் அரியர் எழுதின கதையைப் படிச்சுட்டு, 'உனக்குப் படிப்பைத் தவிர எல்லாம் வரும்போல'னு ஒரு ஜூனியர் மெசேஜ் தட்டியிருந்தான். கரெக்ட்தான் தம்பி. அந்த 'எல்லாம்' லிஸ்ட்ல போட்டோகிராஃபியும் உண்டு. அதுல நான் வாங்கின பல்புதான் இந்த வார மேட்டர்.

மாமாவைக் கெஞ்சி வாங்கின செகண்ட் ஹேண்ட் கேமரா. ரூம்மேட்டுக்கு ஊர் காரைக்குடி பக்கம். பொங்கல் லீவுக்கு அவன்கூடத் தொத்திக்கிட்டுப் போனேன். அவங்க தெருவுல ஒரு பெரிய செட்டிநாட்டு வீடு. முகப்புல பர்மா தேக்குத் தூண், தரையில ஆத்தங்குடிக் கல், முற்றத்துல சாய்வா விழுற வெயில்! வீட்டுல இருந்த ஆச்சிகிட்ட, "போட்டோ எடுத்துக்கட்டுமா?"னு கேட்டேன். "எடுத்துக்கப்பா, அதுக்கென்ன"ன்னாங்க. மோர் வேற கொடுத்தாங்க. நாற்பது படம் சுட்டுத் தள்ளிட்டேன்.

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் அதுல பத்தை மட்டும் பொறுக்கி ஒரு ஸ்டாக் போட்டோ கம்பெனிக்கு அனுப்பினேன். நம்ம படத்தை அவங்க உலகம் பூரா விப்பாங்க, டவுன்லோடுக்கு இவ்வளவுனு நமக்கு ஒரு பங்கு. செமஸ்டர் ஃபீஸ் இல்லாட்டியும் மெஸ் பில்லாவது தேறும்னு ஒரு கனவு. மூணாவது நாள் பதில் வந்துச்சு. பத்தும் ரிஜெக்ட். காரணம்? 'ப்ராப்பர்ட்டி ரிலீஸ் இல்லை.'

அதாவது, 'என் கட்டடத்தோட படத்தை விளம்பரம் உட்பட எந்த வியாபாரத்துக்கும் பயன்படுத்திக்கலாம்'னு உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பேப்பர். படம் எடுத்தது நான், காப்பிரைட் என்னோடது, இதுல இன்னொருத்தர் கையெழுத்து எதுக்குனு எனக்கு செம கடுப்பு. நேரா லா காலேஜ் அண்ணன் ஒருத்தர்கிட்ட போய்ப் புலம்பினேன். அவர் முதல்ல எனக்கு சாதகமாத்தான் ஆரம்பிச்சார். 1957-ம் வருஷ இந்தியக் காப்பிரைட் சட்டம், 52-வது பிரிவு. கட்டடத்தைப் போட்டோ எடுக்கிறதும் அதை வெளியிடுறதும் காப்பிரைட் மீறல் இல்லைனு தெளிவா இருக்கு.

"அப்புறம் என்னண்ணே?"

"டேய், அது காப்பிரைட் மட்டும்தான். ட்ரேட்மார்க் இருக்கு. அடுத்த நாட்டுச் சட்டம் இருக்கு. உன் படம் விக்கிறது காரைக்குடியில மட்டுமா?"

மும்பை தாஜ் ஹோட்டல் தெரியும்ல? 2017-ல அந்தக் கட்டடத்தோட தோற்றத்தையே ட்ரேட்மார்க்கா பதிவு பண்ணிட்டாங்க. முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தா யாரும் கேட்கமாட்டாங்க. அதே படத்தை நம்ம சரக்கு மேல ஒட்டி வித்தா கேட்பாங்க. பாரீஸ் இன்னும் தமாஷு. ஈஃபிள் 1923-லயே போய்ச் சேர்ந்துட்டார். அதனால பகல்ல டவரை எடுத்து எப்படி வேணா வித்துக்கலாம். ராத்திரி எரியுற லைட்டிங் மட்டும் தனிப் படைப்பாம்! அந்தப் படத்தை வியாபாரத்துக்கு யூஸ் பண்ணணும்னா டவரை நடத்துற கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும்.

அமெரிக்காவுல ஒரு போட்டோகிராஃபர், க்ளீவ்லாந்துல இருக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்தைப் படம் எடுத்து போஸ்டரா வித்தார். மியூசியம் ட்ரேட்மார்க் கேஸ் போட்டு, போஸ்டர் விக்கத் தடை வாங்கிடுச்சு. 1998-ல அப்பீல் கோர்ட் அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு. மனுஷன் பக்கம் நியாயம் இருந்துச்சு, ஆனாலும் கோர்ட் படி ஏறித்தானே ஆகணும்? ஸ்டாக் கம்பெனிகள் பயப்படுறது இதுக்குத்தான். நாம கண்ணை மூடிட்டு 'ஐ அக்ரீ' தட்டுற ஒப்பந்தத்துலயே, சிக்கல் வந்தா பொறுப்பு படம் கொடுத்தவனுக்குனு எழுதியிருக்கும். (நான் படிச்சேனானு கேட்காதீங்க.)

நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் வந்து கேஸ் போடப்போறதில்ல. ஆனா அங்கேயும் ட்ரைபாடை விரிச்சா தொல்லியல் துறை அனுமதி கேட்பாங்க.

சரினு ரிலீஸ் ஃபாரத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு அடுத்த லீவுல மறுபடி ஆச்சி வீடு. ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். நான்தான் தமிழ்ல சொன்னேன்.

"எந்த விளம்பரத்துல தம்பி போடுவாங்க?"

"தெரியாது ஆச்சி. யார் வாங்குறாங்களோ அவங்க இஷ்டம்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

"நாளப்பின்ன வேணாம்னு தோணுச்சுன்னா?"

"நான் எடுத்துடலாம். ஏற்கெனவே வாங்கினவங்ககிட்ட இருந்து திருப்பி வாங்க முடியாது."

"உனக்கு எவ்வளவு தருவாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நெளிஞ்சேன். ஒரு டவுன்லோடுக்குப் பத்து ரூபாய்கூடத் தேறாத நாள் உண்டுனு சொன்னேன். ஆச்சி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அப்புறம் சொன்னாங்க: "நான் ஒருத்தி போட்டாச் செல்லுமா? இந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு. ரெண்டு பேரு மலேசியாவுல, ஒருத்தன் பெங்களூருல. ஓடு மாத்தணும்னாலே ஒரு வருசம் பேசுறோம்."

உரிமையாளர்னு ஃபாரத்துல இருந்தது ஒரே ஒரு கோடு. பதினோரு பேரை அதுல எங்க உட்கார வைக்க?

திரும்பி வர்ற பஸ்ல ஒண்ணு உறுத்துச்சு. முதல் நாள் ஆச்சி 'எடுத்துக்கப்பா'ன்னது, ஊர் பார்க்க வந்த ஒரு பையனுக்கு. விக்கப்போறேன்னு நான் வாயே திறக்கலையே! கேமராவைப் பையில இருந்து எடுக்கும்போதே சொல்லியிருக்கணும். இதுல சட்டத்தைவிட என் தப்புதான் பெருசுனு தோணுச்சு.

நல்லவேளை, நான் கிளம்புறப்போ ஆச்சியே ஒரு வழி சொல்லிட்டாங்க: "படிக்கிற புத்தகத்துல, பேப்பர்ல வந்தா வரட்டும் தம்பி. ஊறுகாய் பாட்டில்ல வேணாம்." ஸ்டாக் பாஷையில இதுக்குப் பேரு 'எடிட்டோரியல்'. செய்தி, கட்டுரை, பாடப்புத்தகத்துக்கு மட்டும் கொடுப்பாங்க. விளம்பரத்துல போடக்கூடாது. பெரும்பாலும் ரிலீஸும் கேட்கமாட்டாங்க. விளம்பரக்காரங்க வாங்க முடியாததால விற்பனை கம்மிதான்.

தெருவுல நின்னு எடுத்த முகப்புப் படம் மூணை மட்டும் அந்தக் கணக்குல அனுப்பினேன். பாஸ் ஆயிடுச்சு. முற்றத்து வெயில் ஹார்ட் டிஸ்க்லயே தூங்குது. ஒரு பிரிண்ட் மட்டும் ஃப்ரேம் போட்டு ரூம்மேட் மூலமா ஆச்சிக்குக் கொடுத்தனுப்பியிருக்கேன்.

இதுவரைக்கும் ரெண்டு டவுன்லோடு. மெஸ் பில் அப்படியே நிக்குது.