கணக்கில் வராத வெந்நீர்

சங்க இதழில் சபை விவகாரம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, முதல் சில மாதங்கள் அடுத்த வீட்டார் தயவில் குடித்தனம் நடத்தியவர்கள்தாம் நம்மில் பலர். ஆகவே இதை எல்லோரிடமும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

2015 நவம்பரில் எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர் நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போனோம். கொல்கத்தாவிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். இந்தியருக்கு விசா வேண்டாம். வாக்காளர் அட்டையே போதும். ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். கடிகாரத்தையே 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நான் அதை மறந்து, முதல் நாளே எல்லோரையும் காக்க வைத்தேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி பூகம்பத்தில் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். அன்று சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகள் கூடுவதும் அன்றுதான். ஆராதனையில் இருந்தபடியே இடிபாட்டில் சிக்கியவர்கள் உண்டு. அந்நாட்டுச் சட்டம் மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. எங்கள் வேலையும் அதுவன்று. சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் கம்பளி கொடுப்பதும், அங்குள்ள சபையாரோடு உட்கார்ந்து ஜெபிப்பதும்தான்.

போன நேரம் நல்ல நேரமல்ல. செப்டம்பரில் வந்த புதிய அரசியல் சாசனத்தை எதிர்த்துத் தராய்ச் சமவெளியில் போராட்டம். எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. பஸ் கூரையெல்லாம் ஆட்கள். தடுத்தது இந்தியாதான் என்பது அவர்கள் பேச்சு. இல்லை, போராட்டக்காரர்கள் என்பது டில்லியின் பேச்சு. எது எப்படியோ, இந்தியர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

காத்மாண்டுவில் ஒரு சபைக் குடும்பத்தார் எங்களைத் தங்க வைத்தார்கள். நல்ல குளிர். "தீதி, குளிக்க வெந்நீர் கிடைக்குமா?" என்று இந்தியில் கேட்டேன். கிடைத்தது. மறுநாளும் கேட்டேன், கிடைத்தது. மூன்றாம் நாள் விடியற்காலை துண்டை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மூன்று செங்கல் வைத்த அடுப்பு. அதன்முன் குந்தி உட்கார்ந்து அந்த அம்மாள் புகையில் கண் கலங்க ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விறகாக அடுக்கியிருந்தவை, பூகம்பத்தில் இடிந்த அவர்களுடைய பழைய வீட்டின் ஜன்னல் சட்டங்கள். நான் குளிப்பதற்காக ஒரு ஜன்னல் எரிந்திருக்கிறது! அவரோ என்னைக் கண்டதும் "ஜெய் மசீ" என்று சிரித்து, டீயை நீட்டினார். அன்று பச்சைத்தண்ணீரில் குளித்தேன். அதற்கும் அவருக்கு வருத்தம்.

மலைக்கிராமத்தில் சபை கூடியது தகரக் கொட்டகையில். செருப்பை வெளியே விட்டுத் தரையில் உட்கார்ந்தோம். ஆராதனை முடிந்ததும் தால்-பாத், கீரை, புளிப்பாகக் குந்துருக். வீடு போனவர்கள் எங்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் உண்டார்கள்.

ஊர் திரும்பியதும் சபையில் நான்தான் அறிக்கை வாசித்தேன். கம்பளி இத்தனை, குடும்பம் இத்தனை, செலவு இவ்வளவு. ஆமென் பலமாகவே வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த வெந்நீரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு அபிப்பிராயம். காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் ஊழியப் பயண அறிக்கையில் கொடுத்ததற்கு முன்பாகப் பெற்றதை எழுத வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் கப்பல் உடைந்து, 276 பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். அங்கே பவுல் நோயாளிகளைக் குணமாக்கினார். ஆனால் லூக்கா முதலில் எழுதுவது அதையல்ல. மழைக்கும் குளிருக்கும் தீவார் நெருப்பு மூட்டிக் கொடுத்ததைத்தான்.

"எல்லாவற்றுக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டோமே" என்றார் எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர். சொன்னோம், ஐயா. சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆண்டவருக்குச் சொல்லிவிட்டதாலேயே, அடுப்பு ஊதிய அம்மாளுக்குச் சொல்லாமல் விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுக்கப் போனவனுக்கு, வாங்கினேன் என்று சொல்வது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது என்பதே என் எண்ணம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்டு வரவில்லை. தீதி, தீதி என்றே ஐந்து நாளும் கழிந்தன.

பெயரை விசாரித்து நான் கடிதம் எழுதியது 2016 பிப்ரவரியில், லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு. பதிலை அவர் மகன் இந்தியில் எழுதியிருந்தான். கேஸ் வந்துவிட்டதாம். அடுத்த முறை வெந்நீர் கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாராம்.