வெளியேறிய அறுபத்து மூவர்

2024 ஆகஸ்ட் கடைசியில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் செய்தியாளர்களிடம் ஓர் எண்ணைச் சொன்னார்: 63. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மாஸ் எனப்படும் மலேசியா ஏர்லைன்ஸின் பொறியியல் பிரிவை விட்டுப் போன முக்கியத் தொழில்நுட்ப ஊழியர்களின் எண்ணிக்கை அது. உதிரிப் பாகங்களும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கிளம்பிய விமானம் திரும்பி வந்தது என்ற செய்தி அந்த ஆண்டின் நடுவில் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தது. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் நிறுவனத்தின் இயக்கச் சான்றிதழை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. குறைகளை எப்படிச் சரிசெய்கிறீர்கள் என்று மாதாமாதம் அறிக்கை தரவும் சொன்னது. சகோதர விமான நிறுவனமான ஃபயர்ஃபிளையையும் சேர்த்து மாஸ் குழுமம் டிசம்பர் வரை பறப்புகளைக் குறைத்துக்கொண்டது.

ஃபயர்ஃபிளை என்றால் பினாங்குக்காரர்களுக்கு வீட்டுப் பிள்ளை. 2007 ஏப்ரல் 3 அன்று அதன் முதல் விமானம் கோத்தா பாருவுக்குக் கிளம்பியதே நம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்துதான். இன்னும் பின்னால் போனால், 1947 மே 1 அன்று மலாயன் ஏர்வேஸ் தொடங்கிய முதல் சேவை சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாக வந்து இறங்கியதும் இந்தத் தீவில். மாஸின் தலையெழுத்தைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு, கொஞ்சம் கடமையும் உண்டு.

பல ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் 63 பேர் போனதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். பழுது பார்த்த விமானம் மறுபடி பறக்க வேண்டுமானால், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். போயிங் 737-க்கு மட்டும் உரிமம் உள்ளவர் ஏர்பஸ் 330-க்குப் போட முடியாது. சில சிறு பழுதுகளைக் குறித்து வைத்துவிட்டுப் பறக்க விதி இடம் தருகிறது. ஆனால் அதற்கும் நாள் கெடு உண்டு. பாகம் கைவசம் இல்லையென்றால், நிற்கும் இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவார்கள். அதில் விதிமீறல் இல்லை. ஆனால் ஒரு வேலை இரண்டு வேலையாகிறது, அதுவும் ஆள் குறைந்த கொட்டகையில், நள்ளிரவுக்கு மேல். அப்படிப்பட்ட இடத்திலிருந்து அனுபவமுள்ள ஒருவர் போனால், அந்த இடத்தை அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் புதிய பெயர் சேர்த்து நிரப்பிவிட முடியாது. படிப்பு, பயிற்சி, பரீட்சை, மேற்பார்வையில் வேலை என்று பல ஆண்டுகள் ஆகும்.

கணக்குப் புத்தகத்தில் இதெல்லாம் செலவாக மட்டுமே தெரியும். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாஸின் பணக் கதை நீளமானது. அதில் ஓர் அத்தியாயத்தை மறக்கவே கூடாது. 1994-இல் வணிகர் தாஜுடின் ரம்லி பங்கு ஒன்றுக்கு 8 ரிங்கிட் கொடுத்து நிறுவனத்தைக் கைக்குள் கொண்டுவந்தார். 2001-இல் சந்தையில் அந்தப் பங்கு பாதி விலைகூடப் போகாத நேரத்தில், அரசாங்கம் அதே 8 ரிங்கிட் வீதம் மொத்தம் 179 கோடி ரிங்கிட் கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஒரு வணிகரின் இழப்பைப் பொதுப் பணம் தாங்கிக்கொண்டது. அன்று முதல் மீட்புத் திட்டங்களுக்குக் குறைவில்லை. இட்ரிஸ் ஜாலா நிர்வகித்த காலத்தில் 2007-இல் 85 கோடி லாபம். 2011-இல் 252 கோடி நட்டம். ஏர் ஏசியாவோடு பங்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு தொழிற்சங்கங்களின் எதிர்ப்பில் 2012-இல் கைவிடப்பட்டது. 2014-இல் எம்எச்370, எம்எச்17 விமானங்களின் பேரிழப்பு. அதே ஆண்டு அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானா 600 கோடி ரிங்கிட் திட்டத்தை அறிவித்தது. 2021-இல் மறுபடி கடன் சீரமைப்பு, அதோடு கஸானாவின் இன்னொரு 360 கோடிக்கு உறுதி. இடையில் 2019-இல் பிரதமர் மகாதீர், மூடுவதா விற்பதா என்று வெளிப்படையாகவே கேட்டார்.

2015-இல் நடந்ததை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய நிறுவனத்தின் சுமார் 20,000 ஊழியர்களுக்கும் பணி முடிவுக் கடிதம் போனது. ஏறக்குறைய 14,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் இடம் கிடைத்தது. ஆள் அதிகம் என்பது அன்று பொய்யான வாதமல்ல. ஆனால் ஒரே நாளில் எல்லோருக்கும் கடிதம் கொடுத்த நிறுவனம், தன்னிடம் மிஞ்சியவர்களுக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறது: நல்ல சம்பளம் வெளியே கிடைத்தால் தயங்காதே. ஒன்பது ஆண்டு கழித்து 63 பேர் போனதற்கு இதுதான் காரணம் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. தொடர்பே இல்லை என்று சொல்பவரை நாம் நம்பத் தேவையுமில்லை.

2023-இல் குழுமம் 76.6 கோடி ரிங்கிட் நிகர லாபம் கண்டது, 2015 சீரமைப்புக்குப் பிறகு முதல் முறையாக. கைதட்டினோம். 2024-இல் அது 5.4 கோடியாகச் சுருங்கியது. பறப்புகளைக் குறைத்த ஆண்டு அதுதான். பராமரிப்பில் விட்ட ஓட்டை கடைசியில் வருமானத்தில்தான் ஒழுகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது பினாங்குக்கு ஒரு பழைய துக்கம் உண்டு. 1977 டிசம்பர் 4 இரவு இங்கிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய எம்எச்653 கடத்தப்பட்டு, ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்தது. அதிலிருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விபத்தையோ, ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட எம்எச்17-ஐயோ பராமரிப்புக் குறையின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஆனால் 2018-இல் வந்த எம்எச்370 விசாரணை அறிக்கை, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று சொன்னதோடு, விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் தவறுகளையும் எடுத்துக்காட்டியது. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் பதவி விலகினார். மறு ஆண்டே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பாதுகாப்பு மதிப்பீட்டில் மலேசியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. முதல் தரம் திரும்பக் கிடைக்க 2022 அக்டோபர் ஆனது. குற்றம் சாட்டும் விரலை மாஸின் பக்கம் மட்டும் நீட்டுபவர்கள், காவலாளியும் அன்று அரைத் தூக்கத்தில் இருந்ததை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பங்கும் இல்லாமலில்லை. மாஸ் நம் தேசியப் பெருமை என்போம். டிக்கெட் எடுக்கும்போது ஐம்பது ரிங்கிட் மலிவான இன்னொன்றைத் தட்டுவோம். 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது லிட்டில் இந்தியாவில் யாரும் கோலாலம்பூரில் மாறிப் போகும் பயணத்துக்காக ஏங்கவில்லை. ஏங்கவும் வேண்டாம், பயணி தன் காசைப் பார்ப்பது இயல்பு. நாம் கேட்பது வேறு. பழுதென்று விமானம் திரும்பினால் விமானி தன் வேலையைச் செய்திருக்கிறார். விமானம் திரும்பிய காணொளியைக் கேலியோடு பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் கை, திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அடுத்த விமானியின் தோளில் பாரம் ஏற்றுகிறது. தாமதம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கும் உரிமை 2024 செப்டம்பரிலிருந்து நமக்கு இருக்கிறது. முகப்பில் நிற்கும் பெண்ணைத் திட்டுவதைவிட அந்த உரிமையைப் பயன்படுத்துவது நிர்வாகத்துக்குச் சரியான இடத்தில் வலிக்கும்.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. மாதாமாத அறிக்கை ஆணையத்தின் அலமாரியில் முடங்கக் கூடாது. வணிக ரகசியம் போக மீதியை வெளியிடலாம்: எத்தனை உரிமப் பொறியாளர்கள், எத்தனை பேர் போனார்கள், எத்தனை விமானங்கள் பாகத்துக்காக நிற்கின்றன. பொதுப் பணத்தைக் கொட்டியவர்களுக்கு இந்த மூன்று எண்கள் கிடைக்கலாமே.

பொறியாளர்களை உருவாக்கும் வேலைக்கு வழி தேடி வெளிநாடு போக வேண்டாம். 1980-களில் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளும் ஆள் பற்றாக்குறையில் தவித்தன. பயிற்சி கொடுத்த கம்பெனியிலிருந்து ஆளைப் பக்கத்துக் கம்பெனி இழுத்துக்கொள்ளும் என்றால் யார்தான் பயிற்சிக்குக் காசு செலவழிப்பார்? 1989-இல் மாநில அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சந்தையில் ஒருவரோடொருவர் மோதிய கம்பெனிகள் ஒரே வகுப்பறைக்கு ஆளையும் பணத்தையும் இயந்திரத்தையும் அனுப்பின. விமானத் துறைக்கும் அதுவே தேவை. மாஸ், ஏர் ஏசியா, சுபாங்கின் பராமரிப்பு நிறுவனங்கள் எல்லாம் பணம் போடும் ஒரு பொதுப் பயிற்சி நிதி. இழுத்துக்கொள்பவரும் முன்பே பங்கு செலுத்தியவராக இருந்தால் போட்டியில் கசப்பு குறையும். தொழிற்சங்கங்களும் ஒன்றை ஏற்க வேண்டியிருக்கும்: அரிதான திறமைக்குத் தனிச் சம்பளம். தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்து மலைத்து நிற்கும் எஸ்பிஎம் தேர்வு முடித்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் கதவு திறக்கும். இதற்கு முயற்சி எடுக்க மாநில அரசுக்குக் கோலாலம்பூரின் அனுமதி தேவையில்லை. அழைப்புக் கடிதம் போதும்.

பினாங்கு விமான நிலையத்தின் கொள்ளளவை ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளிலிருந்து 1.2 கோடியாக உயர்த்தும் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது. 2028-இல் முடிக்கத் திட்டம். மாஸும் புதிய ஏர்பஸ் 330 நியோ, போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு ஆணை கொடுத்திருக்கிறது. அந்த விமானங்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இந்த ஆண்டே வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும்.